பள்ளி பேண்டு ஹெர்ஷிபார்க் போகிறது: 20 நிமிடம் வாசிக்க ஒரு நாள் முழுக்கவா?

2023 அக்டோபர் 9, மாலை (கேள்வி)

மகள் ஏழாம் வகுப்பு, பள்ளி பேண்டில் ஃப்ளூட் வாசிக்கிறாள். மே மாதம் நியூ ஜெர்சியிலிருந்து பென்சில்வேனியாவின் ஹெர்ஷிபார்க் என்ற கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறார்களாம், 165 டாலர் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மேடையில் மொத்தமே 20 நிமிடம்தான். அந்த 20 நிமிடத்தைப் பள்ளி அரங்கிலேயே இலவசமாக வாசிக்கலாமே? ரோலர் கோஸ்டருக்குப் போவதற்கு இசை ஒரு சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உடன் வரப் பெற்றோரும் வேண்டுமாம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 9, இரவு

எனக்கு அனுபவம் உண்டு. மூத்தவன் டிராம்போன் வாசித்த காலத்தில், 2017-இலும் 2019-இலும் இப்படிப்பட்ட பயணங்களின் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தேன். இப்போது சின்னவள் எட்டாம் வகுப்பு, கிளாரினெட். மறுபடியும் குழுவில் இருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். பிள்ளைகள் பூங்காவுக்குள் வாசிப்பதில்லை. பல பள்ளிகள் வந்து வாசித்து மதிப்பெண் வாங்கும் இந்த இசை விழாக்களில் கச்சேரி நடப்பது பெரும்பாலும் பூங்காவுக்கு அருகில் உள்ள ஒரு பள்ளி அரங்கில். முதலில் தனி அறையில் அரை மணி நேரம் வாத்தியங்களைச் சூடேற்றிச் சுருதி சேர்க்கிறார்கள், பிறகு மேடை. எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் இசை ஆசிரியர்களாகவோ கல்லூரியில் பேண்டு நடத்துபவர்களாகவோ இருப்பார்கள். கேட்டுக்கொண்டே தங்கள் கருத்தை ஒலிப்பதிவாகப் பேசி ஆசிரியரிடம் கொடுப்பார்கள். சுருதி, தாளம், ஒலியின் தன்மை, சமநிலை என்று தனித்தனியாக மதிப்பெண் உண்டு. அதன் பிறகுதான் பூங்கா. மாலையில் பூங்காவுக்குள்ளேயே எல்லாப் பள்ளிகளையும் உட்காரவைத்துப் பரிசு அறிவிப்பார்கள்.

பள்ளி அரங்கில் வாசித்தால் கேட்பவர்கள் நீங்களும் நானும்தான். நாம் எதற்கும் கைதட்டுவோம். அறிமுகமே இல்லாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து 32-ஆவது பாரில், அதாவது இசைத்தாளின் 32-ஆவது தாளக் கட்டத்தில், இரண்டாம் கிளாரினெட்கள் அவசரப்படுகிறார்கள் என்று சொல்வது வேறு அனுபவம். இவர்கள் வாசித்து முடித்ததும் அடுத்து ஏறும் பள்ளியைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள். என் மகன் வாழ்க்கையில் முதல்முறையாக நல்ல டிராம்போன் வரிசை ஒன்றைக் கேட்டது அப்படித்தான். வீட்டுக்கு வந்த அன்று இரவே, யாரும் சொல்லாமல், பெட்டியைத் திறந்தான்.

உங்கள் கேள்விக்கு இது பாதிப் பதில்தான். பணம் பற்றி நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

அக்டோபர் 10

ஒன்று விட்டுப்போனது. ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் பகுதியும் ஒன்றாக அச்சிட்ட இசைத்தாள். நடுவர்களுக்குக் கொடுக்கும் பிரதி காசு கொடுத்து வாங்கிய அசலாக இருக்க வேண்டும், எல்லா பார்களுக்கும் எண் போட்டிருக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனால் மதிப்பெண்ணே தராமல் விடலாம். எத்தனை நடுவரோ அத்தனை அசல், மூன்று பாட்டு என்றால் அதன் மூன்று மடங்கு. ஆசிரியர் மார்ச் மாதம் இதற்குப் பணம் கேட்கும்போது யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். பாருக்கு எண் போடுவது பெற்றோர் ஒருவர் உட்கார்ந்து பென்சிலால் செய்து கொடுக்கக்கூடிய வேலை. இசை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

அக்டோபர் 14

"இதற்கு டிஸ்னியே போகலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உயர்நிலைப் பள்ளிக்கு நல்ல யோசனை. நடுநிலைப் பள்ளிக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

டிஸ்னியில் உண்மையாகவே பூங்காவுக்குள் வாசிக்கலாம். முன்கூட்டியே வாசித்துப் பதிவு செய்த வீடியோவுடன் விண்ணப்பிக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அணிவகுத்து நடக்கும் பேண்டு என்றால் பூங்காவின் மெயின் ஸ்ட்ரீட் என்ற வீதியில் ஊர்வலம். உட்கார்ந்து வாசிக்கும் குழுவுக்கும் கோரஸுக்கும் மேடைகள் இருக்கின்றன. இன்னொன்று பயிற்சிப் பட்டறை. ஸ்டுடியோவில் உட்காரவைத்து, பார்த்தே இராத இசைத்தாளைக் கையில் கொடுத்து, அனிமேஷன் காட்சி ஒன்றுக்குப் பின்னணி இசையை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வார்கள். கடைசியில் காட்சியும் தங்கள் இசையும் சேர்ந்து திரையில் ஓடுவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியோடு போய்வந்த தோழி ஒருவர், ஊர்வலத்தைவிட அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

ஆனால் நியூ ஜெர்சியிலிருந்து டிஸ்னி இருக்கும் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ ஆயிரம் மைலுக்கு மேல். விமானம், மூன்று நான்கு இரவு ஹோட்டல், டியூபாவையும் டிரம்மையும் தனி லாரியில் முன்கூட்டியே அனுப்புவது, இரவில் அறைக் கதவுக்கு வெளியே காவல். செலவு பத்து மடங்காகிவிடும். பத்து மடங்கு என்றால் வர முடியாத பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஏறும். எனக்கு அதுதான் முக்கியமான கணக்கு.

நவம்பர் 2

பணம். எங்கள் பள்ளியிலும் 165 டாலர்தான். அதில் பஸ்தான் பெரும்பங்கு. அப்புறம் விழாக் கட்டணமும் பூங்கா நுழைவும் சேர்ந்த தொகை, ஒரு வேளைச் சாப்பாட்டுக் கூப்பன், டீ-ஷர்ட். டீ-ஷர்ட்டை இந்த முறை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். போன ஆண்டு டீ-ஷர்ட்டே வீட்டில் கிடக்கிறது.

நிதி திரட்ட சாக்லேட் விற்பது, பீட்சா மாவு விற்பது, கார் கழுவுவது எல்லாம் வழக்கம்போல. வீட்டுப் பலகாரம் விற்கும் பேக் சேலில் போன முறை மசால் வடையும் மைசூர்பாகும்தான் முதலில் தீர்ந்தன. யார் எவ்வளவு விற்கிறார்களோ அது அந்தப் பிள்ளையின் கணக்கில் வரவு வைக்கப்படும் என்று சொன்னால் வேகமாக விற்கிறார்கள். 2017-இல் அப்படித்தான் செய்தோம், நன்றாக வேலை செய்தது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

நவம்பர் 5

மேலே கடைசியில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அப்படிச் செய்யாதீர்கள்.

எங்கள் பெற்றோர் சங்கத்தின் இப்போதைய பொருளாளர் கணக்காளர். அதைப் படித்துவிட்டு எனக்கு போன் செய்தார். பூஸ்டர் சங்கங்கள், அதாவது பிள்ளைகளின் குழுக்களுக்கு நிதி திரட்டும் இப்படிப்பட்ட பெற்றோர் சங்கங்கள், பெரும்பாலும் வரிவிலக்குப் பெற்ற அற அமைப்புகள். திரட்டிய பணம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகப் போக வேண்டும். விற்ற அளவுக்கு ஏற்ப அந்தந்தக் குடும்பத்தின் கட்டணத்தைக் குறைத்தால், அது அறப்பணியாக இல்லாமல் தனிப்பட்ட ஆதாயமாகிவிடுகிறது. கேபிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் என்ற வர்ஜீனியா சங்கம் இப்படிப் புள்ளிக் கணக்கு வைத்து நடத்தியதால் வரிவிலக்கை இழந்தது. 2013-இல் வரி நீதிமன்றமும் அந்த முடிவு சரி என்று தீர்ப்பளித்தது.

சட்டத்தை விடுங்கள். இரண்டு நாள் யோசித்ததில் வேறொன்று புரிந்தது. தனிக்கணக்கு முறையில் அதிகம் விற்றது யார்? அப்பா அம்மா பெரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள். டப்பாவை அலுவலக மேசையில் வைத்தால் மாலைக்குள் காலி. இரவுப் பணிக்குப் போகும் அம்மாவின் பிள்ளை நாலு சாக்லேட்டோடு நின்றது. பணம் அதிகம் தேவைப்பட்டது அந்தப் பிள்ளைக்குத்தான். "நன்றாக வேலை செய்தது" என்று எழுதினேன். அந்தப் பிள்ளைக்கு அது வேலை செய்யவில்லை.

இந்த முறை எல்லாம் ஒரே பானை. முதலில் யாருக்கு முடியாதோ அவர்களுக்கு முழுசாக, மீதி இருந்தால் எல்லோருக்கும் சமமாகக் குறைப்பு. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. நியூ ஜெர்சிப் பொதுப்பள்ளியில், கட்டணம் கட்ட முடியவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையைக் களப்பயணத்திலிருந்து விலக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள், கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் வேண்டாம். ஆசிரியருக்கோ ஆலோசகருக்கோ ஒரு வரி மின்னஞ்சல் போதும் என்றும் சேருங்கள். குழுவில் இருக்கும் பெற்றோர் யாருக்கும் பெயர் தெரிய வேண்டியதில்லை. எனக்கும்தான்.

2024 ஜனவரி 21

பஸ். எடிசன் பக்கத்திலிருந்து ஹெர்ஷி சுமார் 150 மைல். 78-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போய் 81-இல் ஏற வேண்டும். நிறுத்தி நிறுத்திப் போனால் மூன்று மணி நேரம். எங்கள் திட்டம்: காலை 5:45-க்குப் பள்ளியில் கூட்டம், 6:15-க்குப் புறப்பாடு, 10:45-க்கு மேடை, மதியம் 12:30-க்குப் பூங்கா, மாலை பரிசு, 7 மணிக்குத் திரும்பி இரவு 10 மணிக்கு மேல் வீடு.

இதைப் பார்த்து ஓர் அப்பா கேட்டார், டிரைவருக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று. நல்ல கேள்வி. பயணிகள் பஸ் ஓட்டுபவருக்கு மத்திய அரசின் வரம்பு உண்டு. எட்டு மணி நேர ஓய்வுக்குப் பிறகு 10 மணி நேரம்தான் ஓட்டலாம், பணியில் 15 மணி நேரம் ஆகிவிட்டால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. நம் திட்டத்தில் ஓட்டுவது ஆறேழு மணி நேரம்தான். ஆனால் காலை ஐந்தரையிலிருந்து இரவு பத்தரை வரை 17 மணி நேரம் ஆகிறது. ஆகவே ஒன்று இரண்டு டிரைவர் வேண்டும், இல்லாவிட்டால் பூங்கா நேரத்தைக் குறைக்க வேண்டும்.

ஜனவரி 24

திருத்தம். பஸ் நிறுவனத்திடம் பேசினேன். டிரைவரைப் பொறுப்பிலிருந்து முழுசாக விடுவித்து ஓய்வெடுக்க விட்டால், அந்த நேரம் 15-இல் சேராது. பஸ்ஸைப் பூட்டி நிறுத்திவிட்டு அவர் மதியம் நான்கைந்து மணி நேரம் எங்காவது படுத்துத் தூங்கினால் கணக்கு சரியாகிவிடும். இரவு 78-இல் நம் பிள்ளைகளை ஓட்டி வருபவர் தூங்கி எழுந்தவராக இருக்க வேண்டும் என்றுதானே நாமும் விரும்புகிறோம்.

ஆனால் அப்போது பஸ் பூட்டியிருக்கும். நடுவில் போய் எதையும் எடுக்க முடியாது, டிரைவரை எழுப்பவும் கூடாது. மருந்து, மாற்றுடை, மூக்குக் கண்ணாடி எல்லாம் பூங்காவுக்குள் கையோடு வர வேண்டும். வாத்தியங்கள்?

2019-இல் நாங்கள் வாத்தியங்களை பஸ்ஸிலேயே விட்டோம். மே மாதம்தான், ஆனால் நல்ல வெயில், மூடிய பஸ். மாலையில், தந்தி வாத்தியம் வாசிக்கும் ஒரு பெண் தன் வயோலாப் பெட்டியைத் திறந்தபோது (வயலினைவிடச் சற்றுப் பெரியது வயோலா) மேல்பலகை விளிம்பில் ஒட்டு விட்டுப்போயிருந்தது. தந்தி வாத்தியங்களை ஒட்டும் பசை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சுவது, சூட்டில் இளகும். பழுது பார்க்க வேண்டிய நேரத்தில் பிரித்தெடுக்க வசதியாக வேண்டுமென்றே அப்படி ஒட்டுகிறார்கள் என்று பிறகு பழுது பார்த்தவர் சொன்னார். சரி செய்துவிடலாம்தான், ஆனால் அந்தப் பெண் வீடு வரும்வரை பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் எடுத்த முடிவு இது: வாசித்து முடித்த உடனே வாத்தியங்கள் எல்லாம் ஒரு வாடகை லாரியில் ஏறித் திரும்பிவிட வேண்டும். இரண்டு பெற்றோர் பூங்காவைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும். செலவைப் பானையிலிருந்து எடுங்கள்.

பெரிய தாள வாத்தியங்களை, டிம்பனி, பேஸ் டிரம் போன்றவற்றை, பெரும்பாலும் விழாக்காரர்களே மேடையில் வைத்திருப்பார்கள். என்னென்ன இருக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 11

கேள்வி கேட்டவர், இசைக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று மறுபடி எழுதியிருக்கிறார். இது நான் ஆசையாகப் படித்த விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தம் நூறாண்டுக்கும் மேல் பழையது, அதுவும் இதே பென்சில்வேனியாவில். பிலடெல்பியாவுக்கு வெளியே வில்லோ குரோவ் பார்க் என்று ஒன்று இருந்தது. டிராம் நிறுவனம் 1896-இல் கட்டியது. விடுமுறை நாளிலும் மக்கள் டிராமில் ஏற வேண்டும் என்பதற்காகக் கட்டிய பூங்கா. ராட்டினமும் இருந்தது, ஆனால் மக்களை இழுத்தது இசை. ஜான் பிலிப் சூசாவின் பேண்டு 1901 முதல் 1926 வரை பெரும்பாலான கோடைகளில் அங்கே வாசித்தது. சூசா என்றால் தெரியாதவர்களுக்கு: நம் பிள்ளைகள் வாசிக்கும் 'மார்ச்' என்ற அணிவகுப்பு இசைக்கு அரசன் என்று சொல்லப்பட்டவர். தோளில் சுற்றிக்கொண்டு வாசிக்கும் அந்தப் பெரிய சூசாபோனுக்கு அவர் பெயர்தான். முதல் சூசாபோனை 1893-இல் செய்தவர் பிலடெல்பியாவின் ஜே. டபிள்யூ. பெப்பர். அக்டோபரில் அசல் ஸ்கோர் வாங்க வேண்டும் என்று எழுதினேனே, பள்ளிகள் பல அதை வாங்குவது அதே பெப்பர் நிறுவனத்திடம்தான்.

ஹெர்ஷிபார்க்கும் அந்தக் காலத்துப் பூங்காதான். சாக்லேட் ஆலை நடத்திய மில்டன் ஹெர்ஷி தன் தொழிலாளர்களுக்காக 1906-இல் திறந்தது. ஆகவே இசை இங்கே சாக்கு இல்லை. ராட்டினங்கள் பெரிதாகும் முன்பே பூங்காவுக்கு ஆட்களை வரவழைத்தது இசை.

மார்ச் 17

சாப்பாடு, மருந்து, உயரம்.

ஹெர்ஷி ஊரில் வேர்க்கடலை எங்கும் உண்டு. ரீசஸ் மிட்டாய் இவர்கள் தயாரிப்புதானே. கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை குழுவில் இருந்தால், எபிநெஃப்ரின் ஊசி அந்தப் பிள்ளை இருக்கும் குழுவின் பெரியவர் கையில் இருக்க வேண்டும். நர்ஸ் பையில் இருந்தால் போதாது, நர்ஸ் பூங்காவின் மறுகோடியில் இருக்கலாம். மற்ற மருந்துகள் மருந்துக்கடைப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அசல் டப்பாவில், படிவத்தோடு. சின்ன ஜிப் பையில் மாத்திரையைப் போட்டுக் கொடுத்தால் பள்ளி ஏற்காது.

சைவப் பிள்ளைகளுக்குக் கூப்பனில் என்ன கிடைக்கும் என்று கேட்டு வையுங்கள். 2017-இல் ஒரு பையன் நாள் முழுக்க பிரெஞ்சு ஃபிரைஸ் மட்டும் சாப்பிட்டான், என்னிடம் சொல்லக்கூட இல்லை. காலையில் பஸ்ஸில் சாப்பிடப் புளியோதரை கட்டிக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தாராளமாக. ஆனால் மேடைக்குப் போகும் முன் வாய் கொப்பளிக்க வேண்டும், எண்ணெயும் பருக்கையும் ஊதுவாய்க்குள் போகக் கூடாது.

உயரம் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹெர்ஷிபார்க்கில் உயரத்தை மிட்டாய்ப் பெயரால் பிரித்திருக்கிறார்கள். 48 முதல் 54 அங்குலம் ஹெர்ஷிஸ், 54 முதல் 60 வரை ட்விஸ்லர்ஸ், அதற்கு மேல் ஜாலி ராஞ்சர். ஆறாம் ஏழாம் வகுப்பில் ஒரே குழுவில் மூன்று வகையும் இருப்பார்கள். கேண்டிமோனியம் என்ற ரோலர் கோஸ்டரின் வாசலில் ஐந்து பேர் ஏற, ஒருவன் மட்டும் அளவுகோல் பக்கத்தில் நின்றால் அவனுக்கு அந்த நாள் அங்கேயே முடிந்துவிடும். குழுவை நண்பர்களே பிரித்துக்கொள்ளட்டும், ஆனால் எந்தக் குழுவிலும் குள்ளமான பிள்ளை தனியாக நிற்காமல், குறைந்தது இரண்டு பேர் இருக்கும்படி பாருங்கள். பயப்படும் பிள்ளைக்கும் அப்படியே, துணை ஒன்று.

மே 12

இன்னும் ஆறு நாள். ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லித்தான் எண்ணுங்கள், தலையை மட்டும் எண்ணாதீர்கள். வேறு பள்ளிப் பிள்ளை ஒன்று நம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலும் தலை எண்ணிக்கை சரியாகவே வரும். கிளாரினெட், சாக்ஸபோன் பிள்ளைகள் பையில் கூடுதலாக இரண்டு ரீட் (ஊதுவாயில் பொருத்தும் நாணல் தகடு). அரங்கத்துக்கு வந்ததும் வாத்தியத்தில் சும்மா காற்று ஊதிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். விடியற்காலைக் குளிரில் பஸ் அடியில் கிடந்த பித்தளையில் சுருதி கீழே இறங்கியிருக்கும், உடனே சுருதி காட்டும் டியூனரைப் பார்த்துக் குழாயைத் தள்ளினால் மேடையில் சூடேறியதும் எல்லாம் மேலே போய்விடும்.

மே 19

போய் வந்தோம். எல்லோரும் வந்தார்கள். 61 பிள்ளைகள் பேண்டில், 61 பேரும் பஸ்ஸில்.

மேடையில் முதல் பாட்டைக் கொஞ்சம் வேகமாக எடுத்துவிட்டார்கள். இரண்டாவது மெதுவான பாட்டு, அதில் ஓர் இடத்தில் எல்லாரும் நிறுத்தி ஃப்ளூட் மட்டும் தொடரும். ஃப்ளூட் பெண்கள் நான்கு பேரும் ஒரே மூச்சில் அதைக் கொண்டுபோனார்கள். நான் பின்வரிசையில் தண்ணீர் பாட்டில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், கீழே வைக்கத் தோன்றவே இல்லை. தரம் "எக்ஸலன்ட்", அதாவது இரண்டாவது படி. ஆசிரியர் எதிர்பார்த்ததும் அதுதான் என்றார்.

வாத்திய லாரி 11:40-க்குக் கிளம்பிவிட்டது. மூன்று மணிக்கெல்லாம் பள்ளி இசை அறையில் எல்லாம் அதன் அதன் இடத்தில் என்று படம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என்னால் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட முடிந்தது.

மதியம் என் குழுவில் இருந்த இரண்டு தாள வாத்தியப் பையன்கள் காணவில்லை. பெயர் சொல்லி எண்ணியதால்தான் உடனே தெரிந்தது. தேடிப் போனால், ராட்டினக் குதிரைகள் பக்கத்தில் நிற்கிறார்கள். அது 1919-இல் செய்த ராட்டினம், கூடவே தானாக வாசிக்கும் பழைய ஆர்கன் ஒன்று. ஆள் இல்லாமல் அடித்துக்கொள்ளும் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். "ஆன்ட்டி, இது ஒரு அடி கூடத் தவறவில்லை" என்றான் ஒருவன். மற்றவன் தொடையில் கூடவே தட்டிக்கொண்டிருந்தான். கேண்டிமோனியத்துக்கு வரிசை சின்னதாக இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டேன். இன்னும் ஒரு பாட்டு என்றார்கள். நானும் நின்றேன். மூன்று பாட்டு ஆனது.

மே 23

கேள்வி கேட்டவருக்கு. உங்கள் மகள் ஃப்ளூட் என்று எழுதியிருந்தீர்கள். நம் பள்ளியா வேறு பள்ளியா என்று எனக்குத் தெரியாது. நம் பள்ளி என்றால் அவளிடம் கேளுங்கள், நடுவரின் ஒலிப்பதிவை ஆசிரியர் நேற்று வகுப்பில் போட்டுக் காட்டினாராம். முதல் பாட்டு முழுக்க நடுவர் வேகம், வேகம் என்று சொல்லிக்கொண்டே வருகிறார். இரண்டாவது பாட்டில் அந்த ஃப்ளூட் இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார். எட்டு பார் முழுக்க ஒன்றுமே சொல்லவில்லையாம்.

அடுத்த ஆண்டுக் குழு செப்டம்பரில் கூடுகிறது. லாரியோடு திரும்பிப் போக இப்போதே ஒருவர் பெயர் கொடுத்துவிட்டார், இன்னொருவர் வேண்டும்.